பத்து ரூபாய் மாத்திரையும் நாற்பது ரூபாய் மாத்திரையும்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மருந்தும் அரசியலும்' என்று பெரிய தலைப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். அதை நான் ஒரே ஒரு மாத்திரைக்குள் சுருக்கிக்கொள்கிறேன். சர்க்கரை மாத்திரை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இந்த அறையில் "எங்கள் வீட்டில், எங்கள் சொந்தத்தில் யாருக்கும் சுகர் இல்லை" என்று சொல்லக்கூடியவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும் என்று எனக்குத் தெரியும்.

நான் படித்தது பி.பார்ம். வேலை பார்த்தது மெடிக்கல் கடையில், கவுன்ட்டருக்குப் பின்னால். அங்கே தினமும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இந்த ஜெனரிக் மாத்திரை, கம்பெனி மாத்திரை மாதிரி வேலை செய்யுமா?" இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "எல்லாம் ஒரே மருந்துதான், கம்பெனிக்காரன் ஏமாத்துறான்." இன்னொன்று, "காசுக்கேத்த பணியாரம்." முதல் பதிலைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம் தோழர்கள். அதற்காக அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை. இரண்டுமே சோதித்துப் பார்க்காமல் சொல்கிற பதில்கள். எப்படிச் சோதிப்பது, யார் சோதிக்கிறார்கள், யாருடைய உடம்பில் சோதிக்கிறார்கள், சோதிக்காமல் விட்டது எது என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கம்பெனி மாத்திரை என்று நாம் சொல்வது எதை? மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் ழான் ஸ்டேர்ன் என்ற மருத்துவர் 1957-இல் இதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். குளுக்கோஃபாஜ் என்பது அங்கே அதற்கு வைத்த பெயர். நம் ஊர் மருத்துவர்கள் காலங்காலமாக எழுதுகிற கிளைகோமெட் அந்த மூல மருந்து அல்ல. அதுவும் ஜெனரிக்தான், பெயர் வைக்கப்பட்ட ஜெனரிக். நம் நாட்டில் விற்பதில் மிகப் பெரும்பகுதி இப்படிப்பட்ட பெயருள்ள ஜெனரிக்குகள்தான். ஆக, நம் ஊரில் 'பிராண்டா ஜெனரிக்கா' என்று கேட்கும்போது உண்மையில் நாம் ஒப்பிடுவது இரண்டு ஜெனரிக்குகளை. ஒன்றுக்குப் பெயரும் ரெப்பும் உண்டு. இன்னொன்றுக்கு இல்லை.

உங்கள் வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். விற்பனை செய்பவர் என்று மும்பை முகவரி இருக்கும். தயாரித்தவர் என்று இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி, உத்தரகாண்டின் ஹரித்துவார், சிக்கிம் என்று ஏதோ ஓர் ஊரில் வேறொரு கம்பெனியின் பெயர் இருக்கும். அந்தத் தொழிற்சாலையே ஐந்தாறு பெயர்களில் ஒரே மாத்திரையைத் தயாரித்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு.

மூல மருந்தோடு ஒப்பிட வேண்டிய இடமும் இருக்கிறது. சிட்டாகிளிப்டின் அப்படி. மெர்க் நிறுவனம் கண்டுபிடித்தது, ஜானுவியா என்ற பெயரில் விற்றது. காப்புரிமை இருந்தவரை இங்கே ஒரு மாத்திரை 40 ரூபாயை ஒட்டி இருந்தது. 2022 ஜூலையில் காப்புரிமை முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மக்கள் மருந்தகத்தில் 100 மில்லிகிராம் மாத்திரை பத்து கொண்ட அட்டை 100 ரூபாய்க்கு வந்துவிட்டது. தினம் ஒன்று போடுகிறவருக்கு மாதம் 1,200 ரூபாய் இருந்த செலவு 300 ஆனது. முன்பு வில்டாகிளிப்டினுக்கு 2019-இல் இது நடந்தது. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினுக்கு நடந்தது.

சரி, பத்து ரூபாய் மாத்திரை நாற்பது ரூபாய் மாத்திரையின் வேலையைச் செய்கிறதா? இதைச் சோதிக்க மூன்று படிகள் உண்டு.

முதல் படி தொழிற்சாலையிலும் ஆய்வகத்திலும் நடப்பது. மாத்திரைக்குள் எழுதியிருக்கிற அளவு மருந்து இருக்கிறதா, எல்லா மாத்திரையிலும் ஒரே அளவு இருக்கிறதா, வேண்டாத கழிவுப்பொருள் கலந்திருக்கிறதா, 37 டிகிரி சூட்டில் திரவத்துக்குள் போட்டுச் சுழற்றினால் குறித்த நேரத்துக்குள் எவ்வளவு கரைகிறது. இதெல்லாம் இந்திய மருந்துத் தர நூலில் எழுதப்பட்ட விதிகள். பிராண்டுக்குத் தனி விதி, ஜெனரிக்குக்குத் தனி விதி என்று கிடையாது.

இரண்டாம் படி மனித உடம்பில். 'பயோஈக்விவலன்ஸ்' என்பார்கள், உயிரிச் சமானம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆரோக்கியமானவர்கள் இருபத்து நான்கோ முப்பத்தாறோ பேரைச் சேர்ப்பார்கள். பாதிப் பேருக்கு முதலில் மூல மருந்து, மீதிப் பேருக்கு ஜெனரிக். கொடுத்த பிறகு குறித்த இடைவெளிகளில் பதினைந்து இருபது முறை ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்பார்கள். சில நாள் இடைவெளி விட்டு, மருந்து உடம்பை விட்டு முழுதாக வெளியேறிய பிறகு, அதே ஆட்களுக்கு மாற்றிக் கொடுப்பார்கள். ஒரே ஆளின் உடம்பிலேயே இரண்டையும் ஒப்பிடுவதுதான் இதன் அழகு. ஒருவருடைய கல்லீரல் வேகமானது, இன்னொருவருடையது மந்தம் என்ற தொல்லை இதில் அடிபட்டுப்போகிறது. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்குகிற மாத்திரை என்றால், ஆரோக்கியமான ஆளுக்குச் சர்க்கரை கீழே போய் மயக்கம் வரும். அதனால் கால் மணிக்கு ஒருமுறை சர்க்கரைக் கரைசல் குடிக்கக் கொடுத்துக்கொண்டே ரத்தம் எடுப்பார்கள்.

ரத்தத்தில் மருந்து எட்டிய உச்ச அளவு எவ்வளவு, மொத்தமாக உடம்புக்குள் போனது எவ்வளவு என்ற இரண்டையும் மூல மருந்தோடு வகுத்துப் பார்ப்பார்கள். இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற 80 - 125 வருகிறது. "ஜெனரிக்கில் 80 சதவீதம்தான் மருந்து இருந்தாலும் அனுமதித்துவிடுவார்கள், ஒன்றில் 80, இன்னொன்றில் 125, வித்தியாசம் 45 சதவீதம்" என்று வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்கள். சில மருத்துவர்களே மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது தவறான வாசிப்பு. மாத்திரைக்குள் இருக்க வேண்டிய அளவைப் பற்றிய விதி அல்ல அது. சராசரி விகிதம் மட்டும் 80-க்கும் 125-க்கும் நடுவில் இருந்தால் போதாது. முப்பது பேரிடம் எடுத்த அளவு என்பதால் அந்தச் சராசரியைச் சுற்றி ஒரு தடுமாற்றம் இருக்கும் அல்லவா, 90 சதவீத நம்பகத்தில் அந்தத் தடுமாற்றத்தின் இரண்டு ஓரங்களும் சேர்ந்து அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். உண்மையிலேயே 85-இல் நிற்கிற மாத்திரையின் கீழ் ஓரம் 80-க்குக் கீழே போய்விடும், தோற்றுவிடும். 100-ஐ ஒட்டி இருந்தால்தான் இரண்டு ஓரமும் உள்ளே நிற்கும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான எஃப்.டி.ஏ., 1996 முதல் 2007 வரை தன்னிடம் வந்த 2,070 சோதனைகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தது. உடம்புக்குள் போன மொத்த அளவில் ஜெனரிக்குக்கும் மூல மருந்துக்கும் சராசரி வித்தியாசம் 3.56 சதவீதம். உச்ச அளவில் 4.35 சதவீதம். அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரை அல்ல, தைராய்டு மாத்திரை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெட்டி டாங் என்ற மருந்தியலாளரிடம், 1980-களின் கடைசியில், சின்த்ராய்டு என்ற பிராண்டின் கம்பெனி பணம் கொடுத்து ஓர் ஆய்வு செய்யச் சொன்னது. மலிவான மாத்திரைகளைவிடத் தங்களுடையது உயர்ந்தது என்று அறிவியல்பூர்வமாகக் காட்டிவிடலாம் என்ற நம்பிக்கை. 1990-இல் ஆய்வு முடிந்தது. நான்கும் சமம் என்று வந்தது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தங்கள் அனுமதி இல்லாமல் முடிவை வெளியிடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்த வரியைப் பிடித்துக்கொண்டது. அச்சுக்குப் போகத் தயாராக இருந்த கட்டுரை 1995-இல் நிறுத்தப்பட்டது. கடைசியில் 1997-இல்தான் வெளிவந்தது. நடுவில் ஏழு வருடம் அந்த நாட்டு நோயாளிகள் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சோதனை நடந்தால் மட்டும் போதாது, முடிவு யார் கையில் இருக்கிறது என்பதும் கேள்விதான்.

"அது அமெரிக்கா, இங்கே எப்படி?" இது நியாயமான கேள்வி. இங்கேதான் நம் தோழர்களின் 'எல்லாம் ஒன்றுதான்' ஆட்டம் காண்கிறது.

இந்தியாவில் நீண்ட காலம் நடைமுறை இதுதான்: ஒரு மருந்து புதிதாக அனுமதி பெற்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டால் அது 'புதிய மருந்து' அல்ல. அதன் பிறகு வருகிற கம்பெனிகள் மாநில அரசிடமே உரிமம் வாங்கிக்கொள்ளலாம், மனித உடம்பில் சமானச் சோதனை காட்ட வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில்தான் விதி திருத்தப்பட்டது. தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு உரிமம் வேண்டுமென்றால் சமானச் சோதனை கட்டாயம் என்றார்கள். ஆனால் அதற்கு முன்பு உரிமம் வாங்கியவர்களுக்கு அது பின்னோக்கிப் பொருந்தாது. மெட்ஃபார்மின் தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் அந்தக் கட்டாயத்துக்குள் வராது. கிளிமிபிரைடு கரையாத வகை. மாத்திரையில் சேர்க்கிற மாவும், அழுத்துகிற விதமும் மாறினால் உடம்பில் ஏறுகிற விதம் மாறக்கூடிய மருந்து. 2017-க்கு முன் உரிமம் வாங்கிய கிளிமிபிரைடு மாத்திரைகள் இன்றும் கடையில் இருக்கின்றன. அவற்றில் எது மனித உடம்பில் சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்று அட்டையைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவராலும் முடியாது. எழுதிக் கொடுத்த மருத்துவராலும் முடியாது.

கவனியுங்கள், இந்த ஓட்டை பெயரில்லாத மாத்திரைக்கு மட்டும் உரியது அல்ல. விலை உயர்ந்த, ரெப் வந்து பேனா கொடுத்துவிட்டுப் போகிற, பெயருள்ள ஜெனரிக்கும் இதே ஓட்டை வழியாகத்தான் வந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு 'ஜெனரிக்கின் தரம் சந்தேகம்' என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

சோதனை செய்கிற உடம்புகளைப் பற்றியும் பேச வேண்டும். 'ஆரோக்கியமான தன்னார்வலர்' என்று ஆய்வறிக்கையில் எழுதுவார்கள். ஹைதராபாத்திலும் அகமதாபாத்திலும் அந்தத் தன்னார்வலர்கள் யார்? கூலித் தொழிலாளர்கள், வேலை போனவர்கள், கடன்பட்டவர்கள். ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் மூன்று மாதம் இடைவெளி விட வேண்டும் என்பது வழக்கம். கைக்காசு தீர்ந்ததும் அதற்கு முன்பே வேறொரு கம்பெனியின் வாசலில் போய் நிற்கிறவர்கள் உண்டு. அப்படி வந்தால் அந்த ஆளுக்கும் ஆபத்து, அவர் ரத்தத்தில் இருந்து எடுக்கிற எண்ணுக்கும் மதிப்பில்லை. 2015-இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம், ஹைதராபாத்தில் ஜி.வி.கே. பயோசயின்சஸ் நடத்திய சோதனைகளில் இதயத் துடிப்புப் பதிவுகள் குறைந்தது ஐந்து ஆண்டுகளாகத் திருத்தப்பட்டிருந்ததாகக் கண்டறிந்து, அந்தச் சோதனைகளை நம்பி அனுமதி பெற்ற சுமார் 700 மருந்துகளை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. அந்த மருந்துகளால் யாருக்கும் கேடு வந்ததாகச் சான்று இல்லை என்றும் அது சொன்னது. ஆனாலும் காகிதத்தை நம்ப முடியாதபோது மாத்திரையை எப்படி நம்புவது? நமக்கு மலிவாக மாத்திரை வேண்டும் என்று கேட்கிற அதே வாயால், அந்த மாத்திரைக்காகக் கை நீட்டி ரத்தம் கொடுக்கிறவருக்கு நியாயமான பணமும் காப்பீடும் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி, கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்த பிறகு சோதிப்பது. 2014 - 16 காலத்தில் மத்திய அரசு நாடு முழுவதும் சுமார் 47,000 மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. சில்லறைக் கடைகளில் எடுத்ததில் தரம் குறைந்தவை சுமார் 3 சதவீதம். அரசு ஆஸ்பத்திரி, அரசுக் கிடங்குகளில் எடுத்ததில் சுமார் 10 சதவீதம். இந்த எண்ணை நாம் மறைக்கக்கூடாது. அரசு மாத்திரையை மட்டுமே நம்பி இருக்கிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்குப் போகிற மருந்தில் மூன்று மடங்கு குறை இருந்தது என்றால், 'ஜெனரிக்கும் ஒன்றுதான்' என்று நாம் பேசிவிட்டுப் போவது அவர்களுக்குச் செய்கிற துரோகம்.

ஆனால் அதற்குப் பதில் பிராண்டு அல்ல. தமிழ்நாட்டில் 1994-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகத்தின் முறையைப் பாருங்கள். மருந்தை மூலப்பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறார்கள். கிடங்குக்கு வருகிற ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுக்கிறார்கள். கம்பெனி பெயரை மறைத்து, எண் போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். யாருடைய மாத்திரை என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தேறாவிட்டால் திருப்பி அனுப்புவது, திரும்பத் திரும்பத் தோற்றால் கறுப்புப் பட்டியல். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. நீங்கள் மெடிக்கலில் வாங்குகிற பிராண்டு மாத்திரையின் ஒவ்வொரு தொகுப்பையும் கம்பெனிக்கு வெளியே இருக்கிற ஒருவர் சோதிப்பதில்லை. மருந்து ஆய்வாளர் எப்போதாவது வந்து எடுக்கிற மாதிரிதான். பிராண்டு இருந்தால் தரம் இருக்கும் என்று இன்னும் நினைப்பவர்கள் 2025 அக்டோபரை நினைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனார்கள். கோல்ட்ரிஃப் என்பது ஒரு பிராண்டு பெயர்தான்.

சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையை வாங்கி வந்து பீரோ மேல் போட்டுவிட்டு, மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தூய்மைப் பணியாளரான ஒரு அக்கா மாதம் முப்பது மாத்திரைக்குப் பதினைந்துதான் வாங்குவார். ஏன் என்று கேட்டேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிறேன் தம்பி, நல்ல மாத்திரைதானே." வீட்டில் இலவச மாத்திரை இரண்டு மாதத்துக்கு இருந்தது. "அது தர்மாஸ்பத்திரி மாத்திரை, சும்மா சுண்ணாம்பு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரைப்பங்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருக்குச் சர்க்கரை 280-க்குக் கீழே இறங்கவே இல்லை. வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, அந்த வரிசையில் கொடுக்கிற பொருளின் மதிப்பை முடிவு செய்கிற பழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. அந்த வரிசையில் நிற்கிறவர்களே அதை நம்பும்படி செய்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இப்போது வீட்டுக்கு வருவோம். "மாத்திரை மாற்றினேன், சுகர் ஏறிவிட்டது" என்று அம்மா சொன்னால் என்ன செய்வது? அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மாத்திரைதான் காரணமா என்று பார்க்க வேண்டும்.

முதலில் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். என் அனுபவத்தில் பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். மருந்தின் மூலப்பெயர் ஒன்றா, மில்லிகிராம் ஒன்றா, கூட்டு மாத்திரையில் இரண்டு மருந்தும் இருக்கிறதா, முக்கியமாக எஸ்.ஆர். என்று போட்டிருக்கிறதா. எஸ்.ஆர். என்றால் மெதுவாக மருந்தை விடுகிற மாத்திரை. அதற்குப் பதில் சாதா மெட்ஃபார்மினைக் கொடுத்துவிட்டால் வயிறு கலக்கும். அது ஜெனரிக்கின் குற்றமல்ல, மாற்றிக் கொடுத்தவரின் குற்றம். எஸ்.ஆர். மாத்திரையைக் கடித்தோ உடைத்தோ சாப்பிட்டாலும் இதே கதைதான். மலத்தில் முழு மாத்திரை மாதிரி ஒன்று வந்தது, கரையவே இல்லை என்று பயப்படுகிறவர்களும் உண்டு. சில எஸ்.ஆர். மாத்திரைகளின் வெற்றுக் கூடு அப்படித்தான் வெளியே வரும். மருந்து உள்ளே இறங்கியிருக்கும். பிராண்டிலும் வரும். மெட்ஃபார்மினுக்கு லேசாக மீன் வாடை உண்டு, அதுவும் கெட்டுப்போனதன் அடையாளமல்ல. யூடியூபில் இரண்டு டம்ளர் தண்ணீரில் இரண்டு மாத்திரையைப் போட்டு, "பாருங்க நண்பர்களே, இது கரையுது, இது கரையலை" என்று காட்டுகிறார்களே, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. எஸ்.ஆர். மாத்திரை டம்ளரில் உடனே கரைந்தால்தான் பயப்பட வேண்டும்.

அடுத்து அளவீடு. வீட்டு குளுக்கோமீட்டருக்குச் சர்வதேசத் தரம் அனுமதிக்கிற பிழை, 100-க்கு மேல், 15 சதவீதம் வரை. உண்மையான அளவு 160 என்றால் கருவி 136 காட்டினாலும் 184 காட்டினாலும் கருவி சரிதான். ஆகவே நேற்று 142, இன்று 158, மாத்திரை சரியில்லை என்ற கணக்கு நிற்காது. மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம், மாற்றிய பின் இரண்டு வாரம், காலை வெறும் வயிற்றில், ஒரே கருவியில் தினமும் எடுத்து ஒரு நோட்டில் எழுதி, சராசரியை ஒப்பிடுங்கள். அந்த நாட்களில் காய்ச்சல், தூக்கமின்மை, கல்யாணச் சாப்பாடு இருந்தால் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி இன்னும் நம்பகமானது. ஆனால் 7.4 இருந்தது 7.6 ஆனால் அது சலசலப்பு. அரை புள்ளி, அதற்கு மேல் ஏறினால்தான் பேச்சு. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பதையும் பெண்கள் இருக்கிற வீட்டில் மறக்க வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் ஏறியிருந்தால் தொகுப்பு எண்ணோடு மருத்துவரிடமும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மனசின் வேலையும் உண்டு. 2008-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை வலி மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தார்கள். விலை இரண்டரை டாலர் என்று சொன்னவர்களில் 85 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. பத்து சென்ட் என்று சொன்னவர்களில் 61 சதவீதம். ரத்தச் சர்க்கரை வலி மாதிரி விலையைக் கேட்டு மயங்கிவிடாது. ஆனால் குமட்டல், அசதி, "ஒத்துக்கலை" என்பதெல்லாம் மயங்கும்.

எந்தச் சமானச் சோதனையும் பிடிக்காத ஓர் ஆபத்து இருக்கிறது, அது நிறம். டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். எழுத்துப் படிக்காத பாட்டிக்கு "காலையில் ரோஸ், ராத்திரி வெள்ளை நீளம்" என்பதுதான் மருந்துச் சீட்டு. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. மாத்திரையின் நிறம் மாறினால் மருந்தை விட்டுவிடும் வாய்ப்பு 34 சதவீதம் கூடுகிறது, வடிவம் மாறினால் 66 சதவீதம். சர்க்கரையில் விட்டுவிடுவது மட்டும் அல்ல, பழைய கிளிமிபிரைடையும் புதிய கிளிமிபிரைடையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, நல்லது. கொண்டுவருகிற பணியாளர் பழைய அட்டையை வாங்கிப் பார்த்து, "இது அதுதான், நிறம்தான் மாறியிருக்கு" என்று சொல்லிக் கொடுக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்கு அவருக்கு நேரமும் சம்பளமும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவர்கள் மூலப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. சங்கங்கள் எதிர்த்தன. அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். எதிர்த்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மருத்துவர் பிராண்டை எழுதாவிட்டால், எந்தக் கம்பெனி மாத்திரை என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வார், எதில் லாபம் அதிகமோ அதை எடுப்பார். சொல்லாமல் விட்ட பாதி, இப்போது அந்த முடிவை ரெப் எடுக்கிறார் என்பது. இன்றைய சட்டப்படி சீட்டில் பிராண்டு எழுதியிருந்தால் அதே மருந்தின் மலிவான மாத்திரையை நான் மாற்றிக் கொடுக்கக்கூடாது. அதனால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது நீங்கள்தான்: "டாக்டர், மூலப்பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்." பெரும்பாலும் எழுதுவார்கள்.

கடைசியாக ஒரு வேலை. உங்களில் பலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு எழுதத் தெரியும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒன்று எழுதுங்கள். மாநிலத்தில் உரிமம் பெற்ற கிளிமிபிரைடு மாத்திரைகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்குச் சமானச் சோதனை அறிக்கை கோப்பில் இருக்கிறது, கடந்த மூன்று ஆண்டுகளில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாதிரிகள் எத்தனை எடுக்கப்பட்டன, எத்தனை தேறவில்லை, தேறாத தொகுப்புகள் கடைகளில் இருந்து திரும்ப வந்தனவா. பிராண்டு, ஜெனரிக் என்று பிரித்துக் கேளுங்கள். மனுவின் நகலை எனக்கும் அனுப்புங்கள், பதிலை எப்படிப் படிப்பது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

நேரம் அதிகமாகிவிட்டது. இன்சுலினைப் பற்றி நான் பேசவே இல்லை, அது வேறு கணக்கு, கேள்வி நேரத்தில் கேளுங்கள்.